மாலை ஏழானால் அம்மாவின் குரல் பின்தங்குகிறது: ஃபைபர் இணைப்பு, கத்ர் போர்ன் (தீர்ந்தது)

கத்ர்போர்ன் மருமகள் – செவ்வாய், இரவு 9.10

வணக்கம். மொரிஷியஸில் இருக்கிற நம் ஆட்கள் யாராவது வழி சொல்லுங்கள். கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. தினமும் மாலை ஏழு மணிக்கு அம்மாவுக்கு வீடியோ கால் போடுவேன். அங்கே எட்டரை. அம்மா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ஊஞ்சலில் உட்காரும் நேரம். பத்துப் பன்னிரண்டு நாளாக, அதாவது தைப்பூசக் காவடி முடிந்ததிலிருந்து, இந்தக் கால் உருப்படவில்லை. "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் பதிலைக் காணோம். சரி, காதில் விழவில்லை போலிருக்கிறது என்று மறுபடி கேட்கும்போது முதல் கேள்விக்கான பதில் வந்து சேர்கிறது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, "நீ சொல்லு", "இல்ல நீ சொல்லு" என்றே பாதி நேரம் போகிறது. நேற்று அம்மா "பேசப் பிடிக்கலைன்னா சொல்லிடுடி" என்று வைத்துவிட்டாள்.

பிளான் ஃபைபர், 50 எம்பிபிஎஸ். ஸ்பீட் டெஸ்ட்டில் ஏழு மணிக்கும் 44, 46 என்றுதான் காட்டுகிறது. காலையில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கம்பெனிக்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார்கள்; மூன்றாவது முறை கூடவே 100 பிளானுக்கு மாறவும் சொன்னார்கள். மாமனார் மாறிவிடலாம் என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. 46 வரும்போதே பேச முடியவில்லை, 100 வந்தால் மட்டும் பேச முடியுமா?

ரோஸ்ஹில் குமரன் – செவ்வாய், இரவு 9.32

டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள். எனக்கு வேலை செய்தது. மாலையில் தெரு முழுக்க நாடகம் பார்ப்பார்கள், லைனில் நெருக்கடி இருக்கும். 100 எடுத்துவிடுவதே நிம்மதி.

எபென் அண்ணாச்சி – செவ்வாய், இரவு 10.05

குமரன் தம்பி, டிஎன்எஸ் என்பது பெயரைச் சொன்னால் முகவரியை எடுத்துக் கொடுக்கிற டைரக்டரி. கால் சேர்ந்தபிறகு அதற்கு வேலையே இல்லை. நடுப்பேச்சில் குரல் பிந்துவதற்கு அது காரணமாகாது.

தங்கச்சி, உங்கள் சந்தேகம் நியாயமானது. காசை எடுக்காதீர்கள். 46 என்பது ஒரு விநாடியில் எவ்வளவு கொட்டுகிறது என்ற கணக்கு. நீங்கள் படுகிற அவஸ்தை, ஒரு சொல் போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்பதில். இரண்டும் வேறு வேறு. வீடியோ காலுக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். ஸ்பீட் டெஸ்ட்டில் அப்லோடு எவ்வளவு காட்டியது? ரூட்டர் எங்கே இருக்கிறது, நீங்கள் எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள்? மூன்றாவது: லேப்டாப்பில் கமாண்ட் விண்டோவைத் திறந்து ரூட்டரின் முகவரிக்கு (பெரும்பாலும் 192.168.1.1) பிங் (சின்னத் தகவல் ஒன்றை அனுப்பி, அது போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கிற கட்டளை) ஓட விட்டு, வருகிற மில்லிசெகண்ட் எண்களை அப்படியே இங்கே போடுங்கள். முதலில் மாடியிலிருந்து, பிறகு ரூட்டருக்குப் பக்கத்தில் கேபிள் சொருகி. வியாதி வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கத்ர்போர்ன் மருமகள் – புதன், காலை 8.15

அப்லோடை நான் பார்க்கவே இல்லை அண்ணாச்சி. நான் எதையும் ஏற்றுவதில்லையே என்று விட்டுவிட்டேன். இப்போது பார்த்தால் 9.6. பிளானில் 10 என்று இருக்கிறது. சாயங்காலம் எவ்வளவு என்று இன்று பார்க்கிறேன்.

ரூட்டர் கீழே முன் ஹாலில், டிவிக்குப் பின்னால். நான் மாடியில் பின்பக்க அறை. பிங் எண்கள் மாடியிலிருந்து 3, 5, 88, 4, 140, 6, நடுவில் ஒன்று வரவே இல்லை. ரூட்டர் பக்கத்தில் கேபிளில் எல்லாம் 1க்கும் கீழே.

டர்பன் செல்வி – புதன், காலை 9.40

அந்த 88உம் 140உம் வைஃபை. உங்கள் ஊரில் 1960இல் அலிக்ஸ், கரோல் என்று இரண்டு புயல் அடுத்தடுத்து அடித்து மர வீடும் தகர வீடும் போன பிறகு கட்டியதெல்லாம் கான்கிரீட்தானே. கூரை தட்டையாக, உள்ளே இரும்புக் கம்பியோடு. புயலுக்கு நல்லது, வைஃபைக்குப் பரம விரோதி. 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதைத் தாண்டி மாடி ஏறும்போது செத்துப் பிழைக்கும். படிக்கட்டு ஓரமாக 20 மீட்டர் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை அதற்குப் பிரச்சினை இல்லை.

ஆனால் வைஃபைதான் முழுக் காரணம் என்றால் காலையிலும் திக்க வேண்டுமே. சுவர் காலையிலும் அதே சுவர்தான்.

எபென் அண்ணாச்சி – புதன், காலை 10.20

செல்வி சொன்னதேதான். இரண்டு வியாதி ஒரே உடம்பில். கேபிளைப் போட்டு ஒன்றைத் தீர்த்துவிட்டு, ஏழு மணிக்கு அடுத்ததைப் பாருங்கள். இம்முறை பிங்கை ரூட்டருக்கு விடாமல், ட்ரேஸ்ரூட் (தகவல் போகிற வழியிலுள்ள முகவரிகளை வரிசையாகக் காட்டுகிற கட்டளை) ஓட்டினால் ரூட்டருக்கு அடுத்ததாக வரும் முதல் முகவரிக்கு விடுங்கள். அது கம்பெனி வாசல். குமரன் சொன்ன தெரு நெருக்கடி இல்லாத விஷயமல்ல. வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் வகை, ஒரே இழையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் இறங்கும், அதை 32 வீடோ 64 வீடோ பங்கு போட்டுக்கொள்ளும். பழி யார்மேல் என்று அறிய ஒரே வழிதான்: ஏழு மணிக்கு உங்கள் வீட்டுச் சாதனங்கள் எல்லாவற்றையும் துண்டித்துவிட்டு லேப்டாப் மட்டும் வைத்துப் பாருங்கள். அப்போதும் பிங் ஏறினால் தெரு. இறங்கினால் வீடு.

கத்ர்போர்ன் மருமகள் – புதன், இரவு 8.50

இவர் சாயங்காலமே கேபிள் இழுத்துவிட்டார். ரூட்டருக்கு 1க்கும் கீழே, மாடியிலிருந்தே. சந்தோஷமாக ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். கம்பெனி வாசலுக்குக் காலையில் 4 இருந்தது. ஏழு மணிக்கு 780, 812, 640, 795. டவுன்லோடு 43. அப்லோடு 0.8!

எல்லாவற்றையும் துண்டிக்க முடியவில்லை. மாமனார் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

எபென் அண்ணாச்சி – புதன், இரவு 9.15

அந்த 0.8தான் துப்பு. காலையில் 9.6 இருந்த அப்லோடு மாலையில் 0.8 என்றால், மீதியை வீட்டில் யாரோ தின்கிறார்கள்.

குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர் அண்டா, தவலை, பேரல் எல்லாம் அடுக்கி வைத்துப் பிடிக்கிறார். பின்னால் நீங்கள் ஒரு சொம்போடு நிற்கிறீர்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு சொம்பு. ஆனால் அத்தனை அண்டாவும் நிறையும் வரை நிற்க வேண்டும். உங்கள் குரல்தான் அந்தச் சொம்பு. ரூட்டருக்குள் வெளியே போகக் காத்திருக்கிற தகவல் பொட்டலங்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. அதில் ஒரு மெகாபைட் தேங்கினால் 8 மெகாபிட். உங்கள் வாய்க்கால் விநாடிக்கு 10 மெகாபிட். கணக்கு 0.8 விநாடி, அதாவது 800 மில்லிசெகண்ட். உங்கள் 780, 812 எங்கிருந்து வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டவுன்லோடு பிளானை 100 ஆக்கி, அப்லோடு அதே 10இல் நின்றால் ஒரு மில்லிசெகண்ட்கூடக் குறையாது.

ரோஸ்ஹில் குமரன் – புதன், இரவு 9.20

சரி, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு எந்தச் சாமான் என்று தெரிந்தாக வேண்டும். கேமரா இருக்கிறதா வீட்டில்?

கத்ர்போர்ன் மருமகள் – வியாழன், இரவு 8.05

பிடித்துவிட்டோம்! வாசல் கேமரா இரண்டு இருக்கிறது, நானும் அதுதான் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு பிங்கை ஓடவிட்டு நான் மேலே, இவர் கீழே. கேமராவைப் பிடுங்கினார். நான் மேலிருந்து கத்தினேன், "எழுநூற்றித் தொண்ணூறு, அப்படியேதான் இருக்கு". டிவி. அதே எண். மாமனார் முறைப்பு மட்டும் மிச்சம். அப்புறம் கொழுந்தன் போன் சமையலறை மேடையில் சார்ஜில் கிடந்தது. இவர் அதில் வைஃபையை அணைத்தார். திரையில் 806, 791, 655, 5, 4, 4, 4. நான் என் கண்ணையே நம்பவில்லை. மறுபடி போடச் சொன்னேன். 4, 210, 590, 803.

கொழுந்தன் ஓடி வந்து "அய்யோ, என் காவடி வீடியோ!" என்றான். (இங்கே தமிழ் தெரியாத கிரியோல்காரர்களும் 'அய்யோ' என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல் போதும் இந்த ஊர் பிடித்துப்போக.) காவடி எடுத்த அன்று காலையிலிருந்து கோயில் மலையடிவாரம் வரை எல்லாவற்றையும் 4கே-யில் எடுத்திருக்கிறான், பழைய கல்யாண வீடியோக்களும் சேர்த்து 190 ஜிபி. கிளவுடுக்கு அனுப்பும்படி அன்றைக்குத்தான் புதிதாகப் போட்டு வைத்தானாம். வைஃபையும் சார்ஜும் இரண்டும் இருந்தால் மட்டும் ஏற்றும். வேலையிலிருந்து ஆறரைக்கு வருவான், கொஞ்ச நேரத்தில் சார்ஜில் போடுவான். பத்து மணிக்கு மாமனார் வீட்டிலுள்ள எல்லாச் சார்ஜரையும் பிடுங்கிவிடுவார், தீப்பிடிக்கும் என்று பயம். ஆகவே நாளுக்கு மூன்று மணி நேரம், சரியாக என் நேரம். இன்னும் 40 ஜிபி பாக்கி.

ரோஸ்ஹில் குமரன் – வியாழன், இரவு 8.11

அப்படியானால் மூன்று நாள் பொறுத்திருந்தால் தானாகவே சரியாகியிருக்கும்!

எபென் அண்ணாச்சி – வியாழன், இரவு 8.30

ஆகியிருக்கும். தீபாவளி வந்தால் திரும்பவும் வந்திருக்கும். கணக்கும் பொருந்துகிறது: 10 எம்பிபிஎஸ்ஸில் மணிக்கு நாலரை ஜிபி போகும், மூன்று மணிக்கு பதின்மூன்று சொச்சம், பன்னிரண்டு நாளில் 150, 160. பையன் பொய் சொல்லவில்லை.

இப்போதைக்கு அவன் பேக்கப்பை ஏழு முதல் எட்டு வரை நிறுத்தச் சொல்லுங்கள். நிரந்தர வழி செல்விக்குத் தெரியும்.

டர்பன் செல்வி – வியாழன், இரவு 9.25

தெரியும், ஏனென்றால் என் வீட்டில் இரண்டு பையன்கள் கேம் விளையாடுகிறார்கள்.

வரிசை இப்படித் தேங்கிப் போகிற வியாதிக்குப் பெயர் பஃபர்ப்ளோட். ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் தன் வீட்டிலிருந்து ஃபைல் ஏற்றும்போது மற்றதெல்லாம் நொண்டுவதைக் கண்டு 2010 வாக்கில் துருவியதில் இந்தப் பேச்சு பரவியது. 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் வரிசை நீளாமல் பார்த்துக்கொள்கிற கோடெல் என்ற முறையைக் கொடுத்தார்கள். அதன் அடுத்த படி எஃப்க்யூ-கோடெல். அண்ணாச்சியின் குழாயடியிலேயே சொன்னால், ஒவ்வொருவருக்கும் தனி வரிசை, முறை வைத்து ஆளுக்கு ஒரு குடம். சொம்புக்காரி வந்தால் உடனே பிடித்துக்கொண்டு போய்விடுவாள். அண்டாக்காரருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

கம்பெனி கொடுக்கிற பெட்டியில் பெரும்பாலும் இது இருக்காது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளைப் போடக்கூடிய சின்ன ரூட்டர் ஒன்றை அதற்குப் பின்னால் வைத்து, எஸ்க்யூஎம் என்ற வரிசை மேலாண்மைப் பகுதியில், இதே வகையைச் சேர்ந்த கேக் என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். அப்லோடை 8500 கேபிபிஎஸ், டவுன்லோடை 42000 என்று எழுதுங்கள். நிஜ வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் போடுவதில்தான் சூட்சுமம். அப்போதுதான் வரிசை உங்கள் ரூட்டரில் நிற்கும், கம்பெனிப் பெட்டியில் போய்த் தேங்காது.

முக்கியமானது: பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். நான் முதல் வாரம் இதை மறந்துவிட்டு, பையன்கள் பழைய பெயரிலேயே இணைந்திருக்க, எஸ்க்யூஎம் ஏமாற்று வேலை என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

கத்ர்போர்ன் மருமகள் – திங்கள், இரவு 8.40

சனிக்கிழமை ரூட்டர் வாங்கினோம். செல்வி எச்சரித்தும் கேமரா இரண்டும் பழைய வைஃபையிலேயே ஒரு நாள் ஓடியது, நேற்றுதான் மாற்றினேன். இன்று கொழுந்தன் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கம்பெனி வாசலுக்கு 6, 9, 7. அம்மாவோடு ஐம்பது நிமிடம் பேசினேன்.

ஒரே ஒரு சந்தேகம். சென்னையில் இருக்கிற ஒரு சர்வருக்குப் போட்டால் 270 காட்டுகிறது. இதையும் குறைக்க முடியுமா?

எபென் அண்ணாச்சி – திங்கள், இரவு 9.10

உங்களால் முடியாது, என்னாலும் முடியாது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். சென்னை நேர்க்கோட்டில் 4,400 சொச்சம் கிலோமீட்டர், போய் வர 45 மில்லிசெகண்ட் ஆக வேண்டும். சேஃப் என்ற கடலடிக் கேபிள் 2002 முதல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் கிளம்பி, ரீயூனியன், நம் தீவு, கொச்சி, பினாங்கு என்று போகிறது. ஆனால் பொட்டலம் குறுக்கு வழியைப் பார்த்துப் போவதில்லை, கம்பெனிகளின் ஒப்பந்தத்தைப் பார்த்துப் போகிறது. ட்ரேஸ்ரூட்டில் நடுவில் எம்ஆர்எஸ் என்று ஏதாவது வந்தால் அது மார்செய். பிரான்ஸைச் சுற்றிக்கொண்டு கும்பகோணம் போகிறது என்று அர்த்தம்.

கவலை வேண்டாம். 270 என்றால் ஒரு பக்கத்துக்கு 135. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை ஒரு பக்கம் 150 வரை பேச்சுக்குச் சௌகரியம் என்கிறது. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள்.

கத்ர்போர்ன் மருமகள் – செவ்வாய், இரவு 10.20

எம்ஆர்எஸ் இருக்கிறது அண்ணாச்சி! அம்மாவிடம் சொன்னேன். "பிரான்ஸ் வரைக்கும் போறதை இவ்வளவு நாள் சொல்லலையே" என்கிறாள்.

கொழுந்தனின் 40 ஜிபியும் முடிந்தது, "கோரெக்" (கிரியோலில் 'சரி') என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனான். நன்றி எல்லோருக்கும். தலைப்பில் தீர்ந்தது என்று போட்டுவிட்டேன். ஆனால் சற்றுமுன் பத்து மணிக்கு நெட் மொத்தமாகப் போய்விட்டது. இறங்கிப் போய்ப் பார்த்தால், புது ரூட்டரின் அடாப்டரைச் சார்ஜர் என்று நினைத்து மாமனார் பிடுங்கி வைத்திருக்கிறார். அந்த அடாப்டர்மேல் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன்.