காயில்ஓவருக்குத் தமிழ்ச் சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

செந்தூல், திங்கள் இரவு

மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் நடத்தும் கார் பழுதுபார்ப்பு வகுப்புக்கு ஒரு கையேடு எழுதி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். மற்றச் சொற்களெல்லாம் ஒருவாறு அமைந்துவிட்டன. காயில்ஓவரில் மாட்டிக்கொண்டேன். காரின் ஸ்பிரிங்கும், அதன் ஆட்டத்தை அடக்கும் அப்சோர்பரும் ஒன்றாக வரும் சாமான் அது; காரின் உயரத்தை ஏற்றி இறக்கலாம். பட்டறையில் ஹை-லோ என்பார்கள்.

வகுப்பில் தூக்கி நிறுத்திப் பிரித்தது என் சொந்தக் காரைத்தான். வயது 22. முன்பக்கத்தை அழுத்திக் கையை எடுத்தால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டியது, மூன்று நான்கு முறை ஆடிவிட்டுத்தான் நிற்கும். பின் அப்சோர்பர் இரண்டிலும் எண்ணெய்க் கசிவு. டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தது. பழைய மாதிரியிலேயே புதிதாக வாங்கிப் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். பையன்கள் விடவில்லை. ‘ஹை-லோ போட்டுப் பார்ப்போம் சார்’ என்றார்கள். போட்டோம். பிரித்தது, பூட்டியது எல்லாம் படிப்படியாக எழுதியாகிவிட்டது. பொருளின் பெயர் வர வேண்டிய 31 இடங்களில் மட்டும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். உதவுங்கள்.

ஜெலுத்தோங், செவ்வாய் காலை

ஐயா, இதற்கா இவ்வளவு கவலை? ஸ்பிரிங்குக்கு வில் என்று நம்மவர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். அடியில் பட்டை ஸ்பிரிங் வைத்த மாட்டுவண்டியை ஊரில் வில்வண்டி என்றுதான் சொன்னார்கள். அதற்காக எந்தக் குழுவும் கூடவில்லை. வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிர்வது வில். அதைச் சுருட்டினால் சுருள்வில். சுருண்ட வில், சுருள்கின்ற வில், சுருளும் வில் என்று முக்காலமும் ஒளிந்திருக்கும் வினைத்தொகை. அப்சோர்பர், தணிப்பான். ஆக, சுருள்வில்லை உடைய தணிப்பான். இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்பதால் நிலைமொழி லகரம் றகரமாகும், வருமொழித் தகரமும் றகரமாகும். சுருள்விற்றணிப்பான். எடுத்துக்கொள்ளுங்கள்.

செந்தூல், அரை மணி நேரம் கழித்து

நன்றி ஐயா. பக்கத்தில் இருந்த மாணவரிடம் காட்டினேன். ‘சுருளை யார் சார் விற்றது?’ என்று கேட்கிறார்.

பிறை, செவ்வாய் மாலை

அண்ணே, நான் தமிழ் படித்தது ஆறாம் ஆண்டு வரைக்கும்தான். 26 வருடமாகப் பட்டறையில் போமேன் (மெக்கானிக்) வேலை. அதனால் இலக்கணத்தை விட்டுவிட்டுச் சாமானைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சுருள்வில் உள்ள தணிப்பான் என்றால், கம்பெனியிலிருந்து காரோடு வரும் சாதாரண ஸ்ட்ரட்டும், அதாவது ஸ்பிரிங் சுற்றிய அப்சோர்பர் தூணும், அதுதானே? 1950இல் ஃபோர்டு கான்சல் காரில் வந்த மெக்பர்சன் ஸ்ட்ரட்டிலேயே அப்சோர்பரைச் சுற்றி ஸ்பிரிங் உண்டு. நம் ரோட்டில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் முன்பக்கம் அதே அமைப்புத்தான். காயில்ஓவர் என்ற இங்கிலீஷ் பெயரும் அதைத் தாண்டி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடையில் போய்க் காயில்ஓவர் கேட்டால் ஒரிஜினல் ஸ்ட்ரட்டை யாரும் எடுத்துத் தர மாட்டார்கள்.

வித்தியாசம் மரையில், அதாவது திருகுப் புரியில், இருக்கிறது. உடம்பு நெடுக மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைக் கொக்கி ஸ்பானரால் திருகி ஏற்றலாம், இறக்கலாம். அதற்குக் கீழே ஒரு பூட்டு வளையம். பாடி ஷிப்ட் என்று இன்னொரு வகை இருக்கிறது. அதில் ஸ்பிரிங்கைத் தொட வேண்டியதில்லை, அடிப்பகுதியே மரையில் ஏறி இறங்கும். ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் மாறாது, அப்சோர்பர் ஓடும் தூரமும் குறையாது. முதல் வகையை ஆசைக்கு இறக்கினால், ஜாக்கி போட்டுத் தூக்கும்போது ஸ்பிரிங் லொடலொடவென்று ஆடும். போங்கோலில் (வேகத்தடையில்) ஏறி இறங்கினால் பம்ப் ஸ்டாப் என்ற முட்டுக்கட்டையில் போய் இடிக்கும். இதைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள். உயரத்தை மாற்றினால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) மறுபடி பார்க்க வேண்டும், அதையும் போடுங்கள். பெயர் என்னவோ வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருக்கும் அது ஹை-லோ.

பிரிக்பீல்ட்ஸ், செவ்வாய் இரவு

எல்லாரும் சொல்கிறார்கள் என்பதே காரணமாக இருந்தால் இன்று நமக்குப் பேருந்தும் இல்லை, மிதிவண்டியும் இல்லை. 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்த இந்தக் கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு ஹை-லோ என்று அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா?

பிறைத் தம்பி சொன்னதிலேயே சொல் இருக்கிறது. மரைத்தணிப்பான். முடிந்தது.

இன்னொன்று. அப்சோர்பர் என்ற பெயரே தப்பு. குழியின் அடியை வாங்குவது வில். வாங்கியபின் அது ஆடுகிற ஆட்டத்தை அடக்குவதுதான் மற்றதன் வேலை. உள்ளே இருக்கும் எண்ணெயைச் சிறு துளைகள் வழியே பிதுக்கி, ஆட்டத்தின் ஆற்றலைச் சூடாக மாற்றிவிடுகிறது. ஆகவே அதிர்ச்சி உறிஞ்சி என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள். மலாயில் பென்யெராப் ஹெந்தாக் என்று அந்தத் தப்பை அப்படியே பெயர்த்திருக்கிறார்கள். அதை எந்த மலாய்க்காரப் போமேன் வாயிலும் நான் கேட்டதில்லை என்பது வேறு.

ஆயர் ஈத்தாம், புதன் விடியற்காலை

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். புறநானூறு 102ஐ எடுத்துப் பாருங்கள். ஔவையார் பாட்டு. உப்பு வணிகரின் வண்டி, பாரம் அதிகம், எருதுகளோ நுகம் பழகாத இளசுகள். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யாருக்குத் தெரியும்? அதனால் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சேமஅச்சு. அதியமான் மகனை அந்த அச்சுக்கு ஒப்பிடுகிறார் ஔவை. உதிரிபாகத்தை வைத்து ஒரு மன்னன் மகனைப் புகழ்ந்த மொழி நம்முடையது!

அந்தப் பாட்டில் பள்ளத்துக்கு அவல், மேட்டுக்கு மிசை. அவல், மிசை. லோ, ஹை. போமேன்கள் சொல்வதை ஔவை முன்பே சொல்லியிருக்கிறார். அவல்மிசைத் தணிப்பான் என்று வைக்கலாமே?

இன்னும் ஒன்று. நகையின் கடைப்பூட்டுக்குக் கயில் என்று ஒரு பழைய சொல் உண்டு. வளைந்து கொக்கியாகக் கிடப்பது. கயில், காயில். யோசியுங்கள்.

கம்போங் பாண்டான், புதன் மதியம்

ஐயா, யோசித்தேன். காயில் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, திரட்டிச் சேர்ப்பது என்ற பொருளில். நம் கயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. அவல் என்றால் என் பிள்ளைகளுக்குத் தேங்காய்ப்பூவும் சீனியும் ஞாபகம் வரும். மரை என்றால் மரையாணி. அப்சோர்பருக்குள் ஆணி எங்கே என்று தேடுவார்கள். தணிப்பான் எனக்குச் சம்மதம். அது ஆண்பாலா என்று யாராவது கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: தினமும் அழிப்பானைப் பையில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைகள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. பொருள் செய்கிற வேலையைச் சொல்லுங்கள். உயரத்தை மாற்றலாம், அவ்வளவுதானே? உயரமாற்றுத் தணிப்பான்.

பிரிக்பீல்ட்ஸ், புதன் இரவு

லிப்ட் மாதிரி இருக்கிறது, டீச்சர்.

செந்தூல், வியாழன் இரவு

மூன்று நாளில் 40க்கு மேல் மடல்கள். வில்வண்டியில் கிளம்பியவர்கள் இப்போது தேரின் பாகங்களுக்குப் போய்விட்டார்கள். கொடிஞ்சி பற்றி மட்டும் ஒன்பது மடல். சுவையாகத்தான் இருக்கிறது, ஆனால் அச்சகத்தில் காத்திருக்கிறார்கள். தணிப்பானில் தகராறு இல்லை. அதற்கு முன்னால் என்ன வரவேண்டும் என்பதில் டீச்சர் சொன்னதற்கு ஐந்து பேர், மரைக்கு மூன்று பேர், அவல்மிசைக்கு அதைச் சொன்னவர் மட்டும்.

ஆகவே முதல் இடத்தில், உயரமாற்றுத் தணிப்பான், பட்டறை வழக்கில் ஹை-லோ என்று போடுகிறேன். மீதி 30 இடங்களிலும் ஹை-லோதான். பிரிக்பீல்ட்ஸ் ஐயா கோபிக்க வேண்டாம். நீளமான சொல்லைப் போட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம் கூடிவிட்டது. பக்கத்துக்குக் காசு.

பிறை, வியாழன் இரவு

அண்ணே, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சில ஹை-லோவில் தலையில் ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் உயரம் மாறாது, அப்சோர்பர் கடினமாகும் அல்லது இளகும். சாப்ட்-ஹார்ட் என்போம். அதற்கு என்ன பெயர் போடுகிறீர்கள்?

செந்தூல், வியாழன் நள்ளிரவு

தம்பி, அடுத்த பதிப்பில்.

ஜெலுத்தோங், வெள்ளி காலை

உயரமாற்று என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், ஆகவே ஒற்று மிகுந்தது சரி. சொல் சரியில்லை. கையேடு வந்ததும் எனக்கு இரண்டு பிரதி அனுப்புங்கள். ஒன்றில் 31 இடத்திலும் சுருள்விற்றணிப்பான் என்று பென்சிலால் திருத்திக்கொள்வேன்.