ட்ரிக்கர் மாத்தணுமா தம்பி? முதல்ல விசாவைச் சொல்லுங்க

கேள்வி: அண்ணா வணக்கம். ஹூஸ்டன் பக்கம் கேட்டிக்கு வந்து நாலு மாசம் ஆச்சு. போன வாரம் க்ளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினேன். ட்ரிக்கர் கரகரன்னு, ஈரப் பஞ்சை அமுக்குற மாதிரி இருக்கு. 3 பவுண்டு அழுத்தத்துலயே இழுபடுற ட்ரிக்கர் போட்டா சுடுற வேகம் கூடும்னு ஆபீஸ் நண்பர் சொல்றார். அதையே இடுப்புல வச்சுக்கவும் செய்யலாமா? எது வாங்கலாம்?

பதில்: தம்பி, ட்ரிக்கருக்கு முன்னாடி ஒண்ணு. உங்ககிட்ட கிரீன் கார்டு இருக்கா? ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 மாதிரி விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கிறதே ஃபெடரல் சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான் உண்டு. ரேஞ்சுல (சுட்டுப் பழகுற இடம்) வாடகைக்கு எடுத்துச் சுட்டாலும் இதே கதைதான். ஹெச்-1பில இருந்துக்கிட்டு ரேஞ்சுல நின்னு செல்ஃபி போடுற நம்ம பசங்களைப் பார்த்தா வயித்தைக் கலக்குது. தனக்கு எதிரா தானே சாட்சி தயார் பண்றாங்க.

கேள்வி: கிரீன் கார்டுதான் அண்ணா, மனைவி வழியா. கடையில துப்பாக்கி வாங்கும்போது நிரப்புற 4473 ஃபார்ம்லயும் அப்படியேதான் எழுதினேன்.

பதில்: நல்லது. இனி ட்ரிக்கருக்கு வருவோம்.

ட்ரிக்கர் நல்லா இருக்கு, மோசமா இருக்குன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறாங்க. உள்ள நாலு விஷயம் இருக்கு. விரல் வச்சதும் சும்மா நகருற தூரம் டேக்-அப். அப்புறம் ஒரு இடத்துல முட்டி நிக்கும், அதை வால்னு சொல்வாங்க (நம்ம ஊர் வால் இல்ல, சுவர்). அதைத் தாண்டி விடுபடுற கணம் பிரேக். சுட்டதும் விரலைத் தளர்த்தினா 'டிக்'னு திரும்ப மாட்டுறது ரீசெட். உங்க க்ளாக்கோட இழுவை ஐந்தரை பவுண்டுக்கு முன்ன பின்ன இருக்கும், அதாவது சுமார் இரண்டரை கிலோ. நீங்க சொல்ற கரகரப்பு டேக்-அப்ல வருது. அது எடை இல்ல, உரசல். புதுத் துப்பாக்கியில நிறைய முறை இழுத்து இழுத்தே பாதி போயிடும்.

வேகத்துக்கும் எடைக்கும் எல்லாரும் நினைக்கிற அளவு சம்பந்தம் இல்ல. ரெண்டு குண்டுக்கு நடுவுல ஆகுற நேரம் முக்கியமா ரெண்டைப் பொறுத்தது: பிடி எவ்வளவு இறுக்கம், முன் குறி (குழல் நுனியில இருக்கிற குறி) திரும்ப இலக்குக்கு வர்றதைக் கண்ணு எவ்வளவு சீக்கிரம் பிடிக்குது. 3 பவுண்டுக்கு இறக்கினா ஷாட் டைமர்ல (சுடுற நேரத்தை அளக்குற கருவி) நேரம் கொஞ்சம் குறையும், மறுக்கல. ஆனா ட்ரிக்கருக்குக் கொடுக்கப் போற 150 டாலருக்கு 9 எம்எம் தோட்டா வாங்கிச் சுட்டா அதைவிட அதிகம் குறையும்.

என் கதை கேளுங்க. நானும் வந்த புதுசுல சமையல் மேடையில துண்டு விரிச்சு, பஞ்ச் வச்சு மூணு பின்னையும் தட்டி எடுத்து, ஒரு ட்ரிக்கர் செட் மாட்டினேன். கூடவே ஸ்ட்ரைக்கரை (தோட்டாவைப் பின்னால இடிக்கிற ஊசி) தள்ளுற இலேசான ஸ்ப்ரிங் ஒண்ணு வந்திருந்துச்சு. வீட்டுல வெறும் துப்பாக்கியா இழுத்துப் பார்த்தா வெண்ணெய் மாதிரி. அந்த ஞாயித்துக்கிழமை ஸ்டீல் மேட்ச்சுக்கு (இரும்புத் தகடுகளைச் சுடுற போட்டி) போனேன். டைமர் பீப் அடிச்சது, உருவினேன், இழுத்தேன். 'டிக்'. அவ்வளவுதான். ஸ்ப்ரிங்குக்கு வலு பத்தல, ப்ரைமர்ல (தோட்டா அடியில தீப்பொறி கிளப்புற மூடி) சின்னக் குழி மட்டும் விழுந்திருந்துச்சு. அன்னைக்கு மட்டும் மூணு தடவை. பின்னால நின்ன டெக்சஸ் தாத்தா ஒருத்தர், "இன்னைக்குச் சத்தமே இல்லாம சுடுறே"ன்னார். மேட்ச்சுல மானம் போச்சு, அவ்வளவுதான். இடுப்புல இருக்கிற துப்பாக்கி அப்படிச் செஞ்சா?

பாதுகாப்புக்கு வருவோம், இதுதான் பெரிய பாடம். க்ளாக்குல தனியா சேஃப்டி பட்டன் கிடையாது. உள்ளுக்குள்ள மூணு தடுப்பு இருக்கு: ட்ரிக்கர் நடுவுல இருக்கிற சின்ன நாக்கு, ஸ்ட்ரைக்கரை அடைக்கிற குட்டி உருளை, ட்ரிக்கரோட சேர்ந்த தகடு (ட்ரிக்கர் பார்) விழாம தாங்குற படி. நடுவுல இருக்கிற அந்த நாக்கை அலங்காரம்னு நினைச்சுடாதீங்க. துப்பாக்கி கீழ விழுந்தா ட்ரிக்கர் தன் கனத்தாலயே பின்னுக்கு ஓடப் பார்க்கும், அதை நிறுத்துறது அதுதான். சிக் சவர் கம்பெனியோட பி320 கைத்துப்பாக்கி விஷயம் ஞாபகம் இருக்கா? 2017-ல, சில கோணத்துல விழுந்தா வெடிக்குதுன்னு தெரியவந்துச்சு. அதுல வழக்கமா வர்ற ட்ரிக்கர்ல நாக்கு கிடையாது. கம்பெனி இலவசமா மாத்திக் கொடுத்தப்போ கனம் குறைஞ்ச ட்ரிக்கரைத்தான் போட்டாங்க. அதனால வெளிச்சந்தையில அலுமினியத்துல, ஸ்டீல்ல பளபளன்னு வர்ற ட்ரிக்கரை வாங்கும்போது இழுவை எத்தனை பவுண்டுன்னு மட்டும் பார்க்காதீங்க. அந்த உலோகத் துண்டே எத்தனை கனம், நாக்கு இருக்கா, மூணு தடுப்பும் அப்படியே வேலை செய்யுதான்னு கேளுங்க. "முன் நகர்வே இல்ல"ன்னு, அதாவது டேக்-அப்பே இல்லன்னு விளம்பரம் பண்றவங்ககிட்ட, அந்தத் தூரத்தை எங்கிருந்து திருடினாங்கன்னும் கேளுங்க. பல சமயம் தடுப்புக்குள்ள மிச்சமிருந்த இடைவெளியில இருந்துதான் எடுத்திருப்பாங்க.

அதுக்காகக் கனமா இருந்தா பாதுகாப்புன்னும் இல்ல. நியூயார்க் போலீஸ் பல வருஷம் 12 பவுண்டு இழுவை வச்சிருந்தாங்க. 2012 ஆகஸ்ட்டுல எம்பயர் ஸ்டேட் பில்டிங் வாசல்ல ரெண்டு போலீஸ்காரங்க 16 ரவுண்டு சுட்டதுல, குண்டோ சிதறலோ பட்டு வழிப்போக்கர் 9 பேர் காயப்பட்டாங்க. அந்த இழுவையில குறி நிக்குமான்னு அப்போ பெரிய விவாதமே நடந்துச்சு.

என் முடிவு இதுதான்: இடுப்புல வைக்கிறதுக்குக் கம்பெனி ட்ரிக்கர், ஐந்து பவுண்டுக்குக் கீழ இறக்காம. ஆசை தாங்கலைன்னா மேட்ச்சுக்குன்னு இன்னொரு துப்பாக்கி வாங்கி, டிம்னி, ஏபெக்ஸ்னு எந்த வெளிக் கம்பெனி ட்ரிக்கர் வேணா போட்டு விளையாடுங்க. நாளைக்கு ஏதாவது நடந்து கோர்ட்டுக்குப் போனா, "தொட்டாலே வெடிக்கிற மாதிரி மாத்தி வச்சிருந்தார்"னு எதிர்த்தரப்பு வக்கீல் ஆரம்பிப்பார். அந்த வாய்ப்பை நாமளே எடுத்துக் கொடுக்கணுமா?

கேள்வி: எனக்குக் கை சின்னது அண்ணா. விரல் நுனிதான் எட்டுது, அதான் குண்டு இடது பக்கமா போகுதோ?

பதில்: அப்படியும் இருக்கலாம். பெட்டியில பின்பக்கத் தகடுகள் வந்திருக்கும். அதுல பெருசு எதையாவது மாட்டியிருந்தா முதல்ல கழட்டுங்க. காசே செலவில்லை. அப்புறம் தினம் பத்து நிமிஷம் வெறும் துப்பாக்கிப் பயிற்சி. தோட்டா அத்தனையும் வேற அறையில. மேகசினை (தோட்டாப் பெட்டி) எடுத்து, ஸ்லைடை (மேல் பாகம்) பின்னுக்கு இழுத்து, கண்ணாலும் விரலாலும் ரெண்டு தடவை பாருங்க. முன் குறி மேல ஒரு பென்னி காசை வச்சு, அது விழாம ட்ரிக்கரை இழுங்க. முதல் வாரம் தரையெல்லாம் காசுதான் கிடக்கும்.

ஹோல்ஸ்டர்ல (துப்பாக்கி உறை) கஞ்சத்தனம் வேண்டாம். ட்ரிக்கர் கார்டை (ட்ரிக்கரைச் சுத்தி இருக்கிற வளையம்) முழுசா மூடுற கைடெக்ஸ் உறை, அதாவது கெட்டியான பிளாஸ்டிக், வாங்குங்க. திரும்பச் செருகும்போது அவசரமே கூடாது. ஜாக்கெட் கயிறோ சட்டை நுனியோ உள்ள மாட்டிக்கிட்டா, விரல் செய்யுற வேலையைத் துணி செஞ்சுடும். எனக்குத் தெரிஞ்சு, தானா வெடிச்சதுன்னு சொன்ன ரெண்டு பேர் கதையும் உருவும்போது நடக்கல, செருகும்போதுதான் நடந்துச்சு.

இன்னொருவர்: தம்பி, நான் டாலஸ்ல இருக்கேன், ரெண்டு பிள்ளைங்க. அண்ணன் விட்டதை நான் சொல்றேன். 2021 செப்டம்பர்ல இருந்து டெக்சஸ்ல 21 வயசானவங்களுக்கு லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்புல வச்சுக்கிட்டுப் போக அனுமதி உண்டு. ஆனா பள்ளிக்கூடத்தைச் சுத்தி 1,000 அடிக்கு ஃபெடரல் சட்டம் தனி. மாநில லைசென்ஸ் இருந்தா அதுக்கு விலக்கு உண்டு. காலையில பிள்ளையை இறக்கிவிட கார் வரிசையில நிக்கிறவங்க எல்லாரும் அந்த வளையத்துக்குள்ளதான். அதனால அந்த மாநில லைசென்ஸை (எல்டிசி) எடுத்துடுங்க. வீட்டுல தோட்டா போட்ட துப்பாக்கியைப் பத்திரமா வைக்காம, அது 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கையில கிடைச்சாலும் குற்றம். பீரோ மேல, துணிக்கு அடியில எல்லாம் நம்ம ஊர்ல நகை வைக்கிற இடம். இதுக்குச் சின்னதா ஒரு சேஃப் வாங்குங்க.

அப்புறம் ரேஞ்சுக்குக் கொண்டு போற பையை ஊருக்குத் தூக்கிட்டுப் போயிடாதீங்க. சென்னை ஏர்போர்ட்ல மூலையில ஒத்தத் தோட்டா கிடைச்சாலும் ஆயுதச் சட்டத்துல கேஸ், ஃப்ளைட்டும் போயிடும். அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம்னு சொன்னாலும் விட மாட்டாங்க.

கேள்வி: ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ட்ரிக்கர் ஆர்டரை கேன்சல் பண்ணிட்டேன். பொங்கலுக்கு மதுரை போக டிக்கெட் போட்டிருக்கேன். இப்பத்தான் அந்தப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். தையல் ஓரத்துல ரெண்டு இருந்துச்சு.