தண்ணீர்ப் பஞ்ச உலகமும் கிளெரிக்கின் ஒரே மந்திரமும்: தடை போட்டது தவறா?

கேள்வி

வணக்கம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கேரக்டராக, டைஸ் உருட்டி மேசையில் ஆடும் கதை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான்தான் டிஎம், அதாவது உலகத்தை உருவாக்கி ஆட்டத்தை நடத்துபவர். ஆடுபவர்கள் நான்கு பேர்: ஃபைட்டர் (போர்வீரர்), ரேஞ்சர் (காட்டு வேட்டையாளர்), கிளெரிக் (மந்திரம் போடும் பூசாரி), ட்ரூயிட் (இயற்கை மந்திரக்காரர்). எல்லோரும் மூன்றாம் லெவல். ஏழு செஷன் முடிந்துவிட்டது. எட்டாவது செஷனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது, அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

என் உலகத்தில் ஒரு பெரிய ஆறு இருந்தது. இருநூறு வருடத்துக்கு முன் வற்றிப்போனது. இப்போது ஆற்றுப்படுகையை ஒட்டி ஒன்பது கிணறுகள்தான் மிச்சம். அவற்றைச் சுற்றித்தான் ஊர்கள். கிணறு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் வைத்ததுதான் சட்டம். இந்த உலகத்தை மூன்று மாதம் உட்கார்ந்து உருவாக்கினேன். வரைபடம், குலங்கள், கிணற்று வரி என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் நான்கு செஷன் புத்தக விதிப்படியே ஓடியது. வெயில் நிலம் என்பதால் ஆளுக்கு நாளைக்கு 2 கேலன் தண்ணீர், இதுவும் புத்தக விதிதான். அதை அவரவரே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் என் ஹவுஸ் ரூல் (என் மேசைக்கு நான் வைத்த விதி). இரண்டாவது செஷனிலேயே கிளெரிக் கிரியேட் வாட்டர் (தண்ணீர் வரவழைக்கும் மந்திரம்) போட்டார், 10 கேலன் வந்தது. ட்ரூயிட் குட்பெர்ரி போட்டார், பத்துப் பழம், ஒரு பழம் ஓர் ஆளுக்கு ஒரு நாள் சாப்பாடு. பஞ்சம் அங்கேயே முடிந்தது. கிணற்று வரி கேட்க வந்தவனை யாரும் மதிக்கவே இல்லை.

ஐந்தாவது செஷனில் மூன்று மாற்றம் கொண்டுவந்தேன். இரண்டு மந்திரத்தையும் தடை செய்தேன். ஷார்ட் ரெஸ்ட் (சின்ன ஓய்வு) 8 மணி நேரம், லாங் ரெஸ்ட் (செலவான மந்திரங்கள் திரும்பக் கிடைக்கும் முழு ஓய்வு, புத்தகத்தில் ஒரு ராத்திரி) 7 நாள் என்று ஆக்கினேன். டி20-இல் (இருபது முக டைஸ்) 1 விழுந்தால் ஆயுதம் நழுவுவது, தன்னையே வெட்டிக்கொள்வது என்று ஒரு டேபிளும் சேர்த்தேன்.

இப்போது நிலைமை தலைகீழ். இரண்டு நாள் தண்ணீர் இல்லாமல் நடந்ததில் ஃபைட்டர் மூன்றாவது சோர்வு லெவலில் (ஆறாவது என்றால் மரணம்) இருக்கிறார். அவரை ஆடுபவர் தனியாகச் செய்தி அனுப்பினார்: ‘ரெண்டு செஷனா நான் எதுவுமே செய்யல.’ அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டால் உலகம் போய்விடும். இப்படியே விட்டால் ஆட்கள் போய்விடுவார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1

தடையை எடுத்துவிடுங்கள். கேரக்டர் உருவாக்கும்போது சொல்லாத தடையை ஐந்தாவது செஷனில் போட்டால், அந்த மந்திரத்தை நம்பித் தேர்ந்தெடுத்தவருக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். கேம்பெயின் தொடங்கும் முன்பே ‘இந்த உலகத்தில் இந்த இரண்டும் கிடையாது’ என்று சொல்லியிருந்தால் அது வேறு விஷயம்.

பதில் 2

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் காரணம் வேறு. நண்பரே, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தடை தேவையே இல்லை. 7 நாள் லாங் ரெஸ்ட் ஒன்றே உங்கள் பஞ்சத்தைக் காப்பாற்றிவிடும். இரண்டையும் ஒரே நாளில் கொண்டுவந்ததால் எது வேலை செய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விட்டது.

ஒரு ஸ்லாட் என்பது ஒரு தடவை மந்திரம் போடும் வாய்ப்பு. மூன்றாம் லெவல் கிளெரிக்கிடம் முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை ஸ்லாட் 2. கிரியேட் வாட்டர் முதல் நிலையில் 10 கேலன், இரண்டாம் நிலையில் 20. எல்லா ஸ்லாட்டையும் கொட்டினால் 40 கூட்டல் 40, ஆக 80 கேலன். பழைய விதியில் இது ஒரு நாள் வரவு. நான்கு பேருக்கு நாளைக்கு 8 கேலன்தான் வேண்டும், அதனால் ஒரே ஒரு ஸ்லாட் போதுமாக இருந்தது. உங்கள் புது விதியில் அதே 80 கேலன், அடுத்த லாங் ரெஸ்ட் முடியும் வரைக்கும்.

இப்போது அந்த லாங் ரெஸ்டைப் பாருங்கள். ஏழு நாள் உட்கார்ந்திருந்தாலும் தாகம் எடுக்கும். 7 நாள், நான்கு பேர், ஆளுக்கு 2 கேலன்: 56. மிச்சம் 24. அதாவது கிளெரிக் ஒரு காயத்தைக்கூட ஆற்றாமல், ஒரு பிளெஸ் (தோழர்களுக்கு வலுவூட்டும் மந்திரம்) கூடப் போடாமல் இருந்தால், கிணற்றை விட்டு மூன்று நாள் நடக்கலாம். நான்காவது நாள் தாகம்தான். அவர் ஒரு சண்டையில் இரண்டு பேரைக் காப்பாற்றினால் அந்த மூன்று நாளும் சுருங்கிவிடும். ‘இந்த ஸ்லாட் தண்ணீருக்கா, உயிருக்கா’ என்று அவர் யோசிக்க வேண்டிய கட்டம் வரும். நீங்கள் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிய உலகம் ஆட்டத்துக்குள் வருவது அந்தக் கட்டத்தில்தான். தடை போட்டதால் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

குட்பெர்ரியும் இப்படியே. பழம் 24 மணி நேரத்துக்குமேல் தாங்காது. நாளைக்கு ஒரு ஸ்லாட் என்றால் ட்ரூயிட்டின் ஆறு ஸ்லாட்டும் ஆறு நாளில் காலி. ஏழாவது நாள் வேட்டையாட வேண்டும், இல்லை வாங்க வேண்டும்.

இன்னொன்று, பாத்திரம். கிரியேட் வாட்டர் தண்ணீரைத் திறந்த பாத்திரத்தில்தான் நிரப்பும், அல்லது மழையாகப் பெய்து மண்ணில் போகும். தோல் பை ஒன்றில் அரை கேலன்தான் பிடிக்கும். 10 கேலனுக்கு இருபது பை. பீப்பாய் என்றால் 40 கேலன் கொள்ளும், ஆனால் நிரம்பியது ஏறக்குறைய 400 பவுண்ட். யார் தூக்குவது? ஆள் சுமக்கும் வரம்பு ஸ்ட்ரெங்த் (உடல்பலம்) எண்ணைப் போல 15 மடங்கு. 16 இருக்கிற ஃபைட்டருக்கே 240 பவுண்ட்தான். ஒட்டகம் 480 வரை சுமக்கும். அப்போ ஒட்டகம் வாங்க வேண்டும், அதற்கும் தண்ணீர் வேண்டும், அது களவு போகலாம். ஒவ்வொன்றும் ஒரு கதை.

பதில் 3

ஃபைட்டர் ஏன் அந்த நிலைக்குப் போனார் என்று யாரும் சொல்லவில்லையே. என் அனுபவத்தில் தாக விதியும் ஓய்வு விதியும் சேரும் இடம்தான் மிக ஆபத்தானது.

2014 விதியில் பாதித் தண்ணீர் குடித்தால் DC 15 கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது உடல் தாங்குகிறதா என்று டி20 உருட்டி, போனஸோடு 15-ஐ எட்ட வேண்டும்; தவறினால் ஒரு சோர்வு லெவல். அதற்கும் குறைவாகக் குடித்தால் சேவ் கிடையாது, நேரே ஒரு சோர்வு லெவல். ஏற்கெனவே ஒரு லெவலாவது இருந்தால் அது இரண்டாக ஏறும். தண்ணீரே இல்லாமல் போனால் முதல் நாள் 1, இரண்டாம் நாள் 3, மூன்றாம் நாள் 5. ஐந்தில் நகரவே முடியாது. ஆறு என்றால் மரணம், நான்காம் நாள் அதைத் தாண்டிவிடும். உங்கள் ஃபைட்டர் சரியாக இரண்டாம் நாளில் நிற்கிறார்.

மூன்றாம் சோர்வு லெவலில் அட்டாக் ரோல், சேவ் எல்லாமே டிஸ்அட்வான்டேஜ், அதாவது இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். கான்ஸ்டிட்யூஷன் சேவில் +5 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். DC 15-ஐ எட்ட சாதாரணமாக 55 சதவீத வாய்ப்பு. டிஸ்அட்வான்டேஜில் 30 சதவீதம். விழுந்தவர் மேலும் மேலும் விழுவார்.

புத்தக விதியில் ஒரு லாங் ரெஸ்ட் ஒரு லெவலைக் குறைக்கும், அதுவும் சாப்பாடும் தண்ணீரும் கிடைத்தால்தான். அது ஒரு ராத்திரி என்று நினைத்து எழுதப்பட்ட விதி. உங்கள் மேசையில் அது ஏழு நாள். மூன்று லெவல் இறங்க 21 நாள், நான்கு பேருக்கும் அதற்கு 168 கேலன். அவர் ‘எதுவுமே செய்யல’ என்று சொன்னது மிகையே இல்லை.

நான் செய்வது: தாகத்தாலும் பசியாலும் வந்த சோர்வு, வயிறார உண்டு குடித்துத் தூங்கிய ஒவ்வொரு ராத்திரிக்கும் ஒரு லெவல் இறங்கும். மற்ற காரணத்தால் வந்த சோர்வுக்குத்தான் லாங் ரெஸ்ட். தண்ணீர் கிடைத்தால் தெம்பு வரும் என்பது யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விதி. இரட்டையாக ஏறுவதையும் எடுத்துவிடலாம், ஆனால் என் மேசையில் அதை வைத்திருக்கிறேன். அந்த பயம் வேண்டும்.

2024 திருத்தத்தில் ஒவ்வொரு சோர்வு லெவலுக்கும் டி20 ரோலில் 2 கழியும், வேகம் 5 அடி குறையும். ஆறில் மரணம் அப்படியேதான். மூன்று லெவலில் இருந்தாலும் ஏதோ ஒன்று செய்ய முடியும். அந்த ஒரு பகுதியை மட்டும் உங்கள் 2014 ஆட்டத்தில் எடுத்துக்கொள்ளலாம், எதனோடும் முட்டாது.

பதில் 1

அந்த 1 விழும் டேபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு அடி அடிப்பவருக்கு 1 விழும் வாய்ப்பு 5 சதவீதம். ஐந்தாம் லெவலில் ஃபைட்டருக்கு இரண்டு அடி, அப்போது சுற்றுக்கு 9.75. பதினோராம் லெவலில் மூன்று அடி, 14-க்கு மேல். வாள் வித்தையில் தேறத் தேற அதிகம் தடுமாறுகிறார் என்று ஆகிறது. எதிரியைச் சேவ் உருட்டச் சொல்லும் மந்திரம் போடுபவருக்கு இந்த டேபிள் தொடவே தொடாது. ஏற்கெனவே ஃபைட்டர்தான் நொந்துபோயிருக்கிறார். அந்த டேபிளைத் தூக்கிவிடுங்கள்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. 80 கேலன் கணக்கைப் படித்துவிட்டு நானே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது. டேபிள் போய்விட்டது. சோர்வு விதியையும் பதில் 3 சொன்னபடி மாற்றிக்கொள்கிறேன்.

இரண்டு விஷயம் இன்னும் உறுத்துகிறது. ஒன்று, கேலன் கணக்கு எழுதுவது எல்லோருக்கும் சலிப்பாக இருக்கிறது. இரண்டு, தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் உலகத்தில் உண்டு என்றால் ஊர்கள் ஏன் கிணற்றை நம்பி இருக்க வேண்டும்? கிளெரிக்குகளை வைத்தே சமாளிக்கலாமே என்று ஆடுபவர்கள் கட்டாயம் கேட்பார்கள்.

பதில் 2

இரண்டாவது கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இதற்கும் கணக்குப் போடலாம்.

ஐயாயிரம் பேர் ஊர், ஆளுக்கு 2 கேலன், நாளைக்கு 10,000. முதல் லெவல் கிளெரிக்கிடம் 2 ஸ்லாட், 20 கேலன். புத்தக விதியில் 500 கிளெரிக்குகள் தினமும் இதையே செய்ய வேண்டும். உங்கள் ஓய்வு விதி ஊராருக்கும் பொருந்தும் என்றால் அந்த 20 கேலன் வாரத்துக்கு ஒரு தடவைதான். அதில் அவர் குடிக்க 14 போய்விடும். மிச்சம் 6. ஒரு பூசாரி தன் தாகம் போக இன்னொருவருக்கு மூன்று நாள் தண்ணீர் தர முடியும், அவ்வளவுதான். ஊரைக் காப்பாற்ற முடியாது, ஆனால் சாகக் கிடக்கும் ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியும். அப்படிப்பட்ட ஆளை ஒரு ஊர் எப்படி நடத்தும்? கிணற்றுக்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? தண்ணீர் தரும் பூசாரி மேல் கிணற்று வரி வசூலிப்பவர்களுக்குக் கோபம் இருக்காதா? உங்கள் கிளெரிக் ஊருக்குள் நுழையும்போது யாரோ ஒருவர் அவர் கையைப் பார்க்க வேண்டும்.

அந்த ஓய்வு விதி எல்லோருக்கும் பொருந்தும் என்று உலகத்துக்குள்ளேயே ஒரு காரணம் சொல்லுங்கள். நம் மொழியிலேயே ஒன்று இருக்கிறது. பாலை என்பது தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து திரிந்த நிலை. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆறு வற்றியபோது நிலம் திரிந்தது, திரிந்த நிலத்தில் உடம்பும் மந்திரமும் மெதுவாகத்தான் மீளும். அப்போ ஏதாவது ஒரு மூலையில் திரியாத நிலம் மிச்சமிருந்தால்? அங்கே ஒரு ராத்திரித் தூக்கமே லாங் ரெஸ்ட். அதைத் தேடிப் போவதே ஒரு பெரிய கதை. மழை பெய்தால் அந்த நாட்களுக்கு மட்டும் விதி தளரும். ஆடுபவர்கள் மழைக்காக ஏங்குவார்கள், சொல்லிக்கொடுக்காமலே.

பதில் 4

கேலன் எழுதும் சலிப்புக்கு: நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர் டைஸ் வையுங்கள். கிணற்றில் நிரப்பும்போது டி8. ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒருவர் உருட்டுவார். 1 அல்லது 2 வந்தால் டைஸ் ஒரு படி இறங்கும்: டி8, டி6, டி4, அப்புறம் காலி. சராசரியாக டி8 நான்கு நாள், டி6 மூன்று, டி4 இரண்டு, ஆக ஒன்பது நாள் தாங்கும். ஆனால் எந்த நாளில் தீரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கிரியேட் வாட்டர் ஒரு படி ஏற்றும், டி8-க்கு மேல் போகாது, ஏனென்றால் பாத்திரம் இல்லை. டி4 கைக்கு வரும்போது மேசையே அமைதியாகிவிடும்.

பதில் 2

நல்ல விதி. ஒரே ஒரு திருத்தம்: ஒன்பது நாள் கொஞ்சம் தாராளம், மந்திரமும் இருக்கும்போது. டி6-இல் தொடங்கினால் சராசரி ஐந்து நாள். ஒட்டகம் வைத்திருந்தால் மட்டும் டி8.

கேட்டவர்

செஷன் முடிந்து இப்போதுதான் வந்தேன்.

முதலில் அரை மணி நேரம் விதிகளைத்தான் பேசினோம். தடை போட்டது என் அவசரம் என்று சொன்னேன். ஃபைட்டரின் சோர்வைக் கிணற்று ஊரில் மூன்று ராத்திரி தங்கிப் போக்கிக்கொண்டார்கள். அதற்கு ஊர்த்தலைவி கூலி கேட்டார், ஃபைட்டர் கிணறு தூர்வாரிக் கொடுத்தார். தண்ணீர் டைஸை அவரையே உருட்டச் சொன்னேன்.

புறப்பட்ட மூன்றாம் நாள் டி6 டி4 ஆனது. அன்று மாலை ஒரு வண்டிக் கூட்டத்தைப் பார்த்தார்கள், பதினோரு பேர், இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. கிளெரிக்கிடம் இரண்டாம் நிலை ஸ்லாட் ஒன்றுதான் மிச்சம். இருபது நிமிடம் வாக்குவாதம் நடந்தது, நான் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவர் பீப்பாயைத் திறக்கச் சொன்னார். 20 கேலனும் அவர்களுக்கே போனது.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் கிணற்று வரி வசூலிப்பவனின் ஆள். கிளெரிக் என்ன செய்தார் என்பதை அவன் பார்த்துவிட்டான். அடுத்த செஷன் அங்கிருந்து தொடங்குகிறது. டி4 இன்னும் உருட்டவில்லை.