பழைய அரசு லேப்டாப்பை டிவியோடு சேர்த்த வடசென்னைக்காரர்களின் அனுபவங்கள், ஒவ்வொருவரும் தங்கள் ஏரியா பெயரில்

தண்டையார்பேட்டை

நம்ம ஏரியாவில் பல வீடுகளில் பீரோ மேல் ஒரு அரசு லேப்டாப் கிடக்கும். படிக்கிற பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்தது, 2011 செப்டம்பரில் ஆரம்பித்த திட்டம். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று சில வீடுகளில் இரண்டுகூட உண்டு. படிப்பு முடிந்து வேலைக்குப் போனதும் துணிமூட்டைக்கு அடியில் போய்விடும். காயலான் கடையில் போட்டால் சில நூறு ரூபாய் தேறும். போடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டில் தங்கையுடைய லேப்டாப் இப்போது டிவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஆயா, அதாவது பாட்டி, ரிமோட்டை எடுத்து, யாரையும் கூப்பிடாமல், தனக்கு வேண்டியதைப் போட்டுப் பார்த்துக்கொள்கிறார். நான் சொல்ல வந்ததே அதுதான். பழைய லேப்டாப்பில் படம் ஓட வைப்பது பெரிய விஷயமில்லை, அரை நாள் வேலை. வீட்டில் எல்லோரும் வெளியே போனபிறகு தனியாக இருக்கும் ஒரு பெரியவர் அதைப் பயன்படுத்த முடிகிறதா என்பதை வைத்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்தேன்.

முதலில் பேட்டரி. பல வருஷம் பீரோவில் கிடந்த பேட்டரி ஊதியிருக்கலாம். லேப்டாப்பை மேஜையில் வைத்தால் ஆடுகிறதா, கீழ்ப்பக்கம் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஊதியிருந்தால் கழற்றி எடுத்து மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். குத்திப் பார்க்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். பேட்டரி இல்லாமலே அடாப்டரில் ஓடும்.

அடுத்தது ஃபேன். பின் மூடியைத் திறந்தால் ஃபேனுக்கும் செம்புக் குழாய் போய்ச் சேரும் தகடுகளுக்கும் நடுவில் தூசி பஞ்சு மெத்தை மாதிரி அடைத்திருக்கும். மேலே பிரஷ் போட்டால் போகாது. ஃபேனைக் கழற்றிவிட்டு அந்தப் பஞ்சை முழுசாக உரித்து எடுக்க வேண்டும். பிறகு பிராசஸர் மேல் காய்ந்துபோன, சூட்டைக் கடத்தும் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதுசு தடவினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. ஹாலிலேயே தூங்குகிற வீட்டில் இது முக்கியம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் வேகமான எஸ்எஸ்டி 128 ஜிபியில் ஒன்று, பழைய டிடிஆர்3 வகை ராம் (தற்காலிக நினைவகம்) 4 ஜிபியில் ஒன்று வாங்கினேன். உள்ளே இருந்த 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்து, யுஎஸ்பி பெட்டியில் போட்டுப் படம் வைக்க ஒதுக்கிவிட்டேன். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டி வாங்குங்கள். பட்டனை அமுக்கிவிட்டு ரெண்டு நிமிஷம் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பெரியவர்களுக்குப் பொறுமை இருக்காது. கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அமுக்குவார்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக, சிஸ்டமுக்கு இலவச லினக்ஸ் மின்ட், அதில் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. 2 ஜிபி ராமிலேயே ஏறும், 4 இருந்தால் நிம்மதி. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு நின்றுவிட்டது, விண்டோஸ் 11 இந்த மாதிரிப் பழைய பிராசஸரை ஏற்காது. அதனால் யோசிக்கவே வேண்டியதில்லை. லினக்ஸ் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்த லேப்டாப் கைக்கு வந்த அன்றே விண்டோஸோடு சேர்ந்து பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் செய்தது, டெபியன் என்ற இன்னொரு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. அன்று யாரும் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதன் மேல், படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் டிவித் திரையில் ரிமோட்டால் தேர்ந்தெடுத்துப் பார்க்க வைக்கும் கோடி (Kodi) என்ற மென்பொருள். 2000-களின் ஆரம்பத்தில் எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் கருவிக்காக எழுதியது, 2014-இல் இந்தப் பெயருக்கு மாறியது. காசில்லை, விளம்பரமும் இல்லை. லேப்டாப்பை ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்காமல் நேராகக் கோடி திறக்கும்படி வைத்திருக்கிறேன். தானாக லாகின் ஆகும் வசதியும், தொடங்கும்போது எந்த மென்பொருள் திறக்க வேண்டும் என்ற பட்டியலும் மின்ட் அமைப்புகளிலேயே இருக்கின்றன.

இனிமேல்தான் நிஜமான வேலை. கோடியின் முகப்பில் வானிலை, விளையாட்டு, ஆட்ஆன் (கூடுதல் நிரல்) என்று வரிசையாக நிறைய வரும். ஸ்கின் (திரைத் தோற்றம்) அமைப்புக்குள் போனால் ஒவ்வொன்றையும் மறைக்கலாம். எங்கள் வீட்டில் இப்போது வீடியோ, பாட்டு, போட்டோ மூன்றும்தான் தெரியும். ஆயாவுக்கு எழுத்து படிக்கச் சிரமம். அதற்கு ஒரு வழி கிடைத்தது. ஒரு ஃபோல்டருக்குள் ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஃபோல்டர் என்று பெயரிட்ட ஜேபிஜி (folder.jpg) படம் ஒன்றை வைத்தால், அந்தப் படத்தையே கோடி அட்டையாகக் காட்டும். அத்தை கல்யாண வீடியோவுக்கு அத்தையும் மாமாவும் மாலையோடு நிற்கும் படம், பக்திப் பாட்டுக்கு முருகன் படம், பேரன் பிறந்தநாளுக்குப் பேரன் முகம். ஆயா படத்தைப் பார்த்துத்தான் போகிறார்.

ரிமோட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டிவியோடு இணைக்கும் லேப்டாப்பின் எச்டிஎம்ஐ துளையில், டிவி ரிமோட்டின் கட்டளையை லேப்டாப்புக்குக் கடத்தும் சிஇசி வசதி சாதாரணமாகக் கிடையாது, அதனால் டிவி ரிமோட் லேப்டாப்பை அசைக்காது. போனில் கோர் என்ற ஆப் போட்டால் போனே ரிமோட் ஆகும், வாலிபர்களுக்கு அது போதும். பெரியவர்களுக்குக் கையில் பிடிக்க ஒரு ரிமோட் வேண்டும். யுஎஸ்பி துளையில் சொருகும் சின்ன டாங்கிளோடு வரும், ரிமோட் மாதிரி இருக்கும் ஏர் மவுஸ் வாங்கினேன். லேப்டாப் அதைக் கீபோர்டு என்றே எடுத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் தேவையில்லை. டாங்கிள் டிவிக்குப் பின்னால் மறைந்திருந்தால் சிக்னல் விட்டுவிட்டு வரும். ஒரு அடி யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் போட்டு டிவியின் விளிம்புக்கு இழுத்துவிட்டேன். ஓகே பட்டனில் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு, பின்னால் போகும் பட்டனில் வெள்ளை ஒரு சொட்டு. மற்றப் பட்டன்கள் மேல் டேப் ஒட்டியாகிவிட்டது. நாலு அம்பு, சிவப்பு, வெள்ளை, சத்தம். ஆயாவுக்கு அவ்வளவுதான் தெரியும், அது போதும்.

வீட்டுக் கல்யாண டிவிடிக்களைக் காப்பாற்றுங்கள். பழைய கேசட்டிலிருந்து மாற்றியவை அதில்தான் இருக்கின்றன, வட்டு பூஞ்சை பிடித்தால் போயிற்று. உள்ளே இருக்கும் வீடியோ ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து வைத்தாலே கோடி ஓட்டிவிடும். இடம் பற்றாவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 என்ற வீடியோவைச் சுருக்கும் வடிவத்துக்கு மாற்றுங்கள். அதைவிடப் புதிய எச்.265 வேண்டாம். இன்டெல் சிப்பில் 6-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதை விரிக்கும் வசதி முழுமையாக வந்தது, நிறம் இன்னும் நுணுக்கமாக வரும் 10 பிட் வகைக்கு 7-ஆம் தலைமுறை வேண்டும். 2011, 2012 காலத்து லேப்டாப்பில் அந்தப் பாரமெல்லாம் பிராசஸர் தலையில் விழுந்து படம் திக்கித் திக்கி வரும். எச்.264 என்றால் 1080 தரம் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். யூடியூபை பிரவுசரில் பார்த்தாலும் இதே கதைதான். எச்264இஃபை (h264ify) என்ற துணைநிரலைப் பிரவுசரில் போட்டால் யூடியூப் அந்த வடிவத்தையே அனுப்பும், ஃபேன் சத்தம் அடங்கும்.

புதுப்படம் இலவசமாகக் காட்டுகிறோம் என்று வரும் ஆட்ஆன்கள் பக்கம் போகாதீர்கள். திருட்டு என்பது ஒரு பக்கம். குழந்தைகள் பார்க்கிற திரையில் எந்த நேரத்தில் என்ன விளம்பரம் வந்து குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. திருட்டு இல்லாமல் பார்க்கப் பழைய படங்கள் இருக்கின்றன. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளிவந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். ஆயா இளவயதில் டென்ட் கொட்டகையில் பார்த்த பல படங்கள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டன.

கரன்ட் பில் பற்றி அம்மா கேட்டார். படம் ஓடும்போது சுமார் 25 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், தினம் 4 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 6 யூனிட். ஒரு சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட்.

காசிமேடு

அண்ணா, பேட்டரியைப் பற்றிச் சொன்னது ரொம்ப அவசியம். எங்கள் பக்கம் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு, கடல் காற்று. துறைமுகத்துக்கு நாலு தெரு தள்ளி வீடு. ஜன்னல் கம்பியே ரெண்டு வருஷத்தில் உதிரும், லேப்டாப் எம்மாத்திரம்? ஆன் செய்தால் விளக்கு எரியும், திரை வராது. செத்துப்போச்சு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ராமைக் கழற்றிப் பார்த்தால் அந்தப் பொன்னிறக் கால்கள் மங்கிக் கருத்திருந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் ரெண்டு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு மாட்டினேன், திரை வந்துவிட்டது. காயலான் கடைக்குப் போகிற லேப்டாப்பில் எத்தனை இந்த ஒரு காரணத்துக்காகப் போகின்றனவோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இன்னொன்று. அப்பா கடலுக்குப் போய்விட்டு விடியற்காலையில் வந்து பகலில் தூங்குவார். ஒரே அறை. பிள்ளைகள் கார்ட்டூன் போட்டால் அவர் தூக்கம் போகும், போடாவிட்டால் பிள்ளைகள் தெருவில் வெயிலில் நிற்கும். கோடியின் ஒலி அமைப்பில் சத்தம் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். எச்டிஎம்ஐயிலிருந்து லேப்டாப்பின் ஹெட்போன் துளைக்கு மாற்றி, நீளமான ஒயர் ஒன்று இழுத்து, ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஜாக் மாட்டினேன். பெண்ணுக்கு ஒரு ஹெட்போன், பையனுக்கு ஒன்று. டிவியில் படம் மட்டும் ஓடும். கடைசியில் ஏதோ ஜோக் வந்து ரெண்டும் சிரிக்கும்போதுதான் சத்தம் கேட்கும். அப்பா இப்போது நன்றாகத் தூங்குகிறார். இந்தச் சின்ன விஷயத்துக்காகவே எனக்கு இந்த லேப்டாப் மேல் அவ்வளவு பிரியம்.

பெரம்பூர்

மின்ட் நல்ல தேர்வுதான், ஆனால் வீட்டில் அடிக்கடி கரன்ட் போகும், பேட்டரியும் கிடையாது என்றால் நான் லிப்ரெஎலெக் தான் சொல்வேன். கோடியை மட்டும் ஓட்டுவதற்கென்றே செய்த சின்ன லினக்ஸ் அது. 2016-இல் ஓபன்எலெக் என்ற இதே மாதிரியான லினக்ஸிலிருந்து பிரிந்து வந்தது. சிஸ்டம் கோப்புகள் படிக்க மட்டுமே முடிகிற வகையில் பூட்டப்பட்டிருக்கும், அதனால் படத்தின் நடுவில் கரன்ட் போனாலும் சிஸ்டம் கெடுவது அபூர்வம். எங்கள் மாமனார் வீட்டில் சுவிட்சை நேராகச் சுவரில்தான் அணைப்பார்கள், எவ்வளவு சொன்னாலும் கேட்கமாட்டார்கள். இன்றுவரை ஒழுங்காகத் திறக்கிறது. பென்டிரைவில் ஏற்றி லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள், பிடித்தால் பிறகு எஸ்எஸ்டியில் போடலாம்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சாதாரண பிரவுசர் அதில் கிடையாது. பையன் ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும், தமிழில் ஒரு விண்ணப்பம் அடிக்க வேண்டும் என்றால் முடியாது. டிவியாக மட்டும் இருந்தால் போதும் என்கிற வீட்டுக்கு மட்டும் இது.

வியாசர்பாடி

எங்கள் தெருவில் சாயங்கால டியூஷன் நடக்கிறது. பழைய லேப்டாப் ஒன்றை அங்கே கொடுத்திருக்கிறோம், பழைய டிவியும் யாரோ கொடுத்தது. பெரம்பூர் நண்பர் சொன்ன அந்தக் குறையால்தான் மின்ட் போட்டோம். பிள்ளைகள் விளையாட்டாகப் படிக்கும் ஜிகாம்ப்ரி, படம் வரையும் டக்ஸ் பெயின்ட் ரெண்டும் மின்ட்டின் மென்பொருள் பட்டியலிலேயே கிடைக்கும், தமிழிலும் உண்டு. சின்னப் பிள்ளைகள் டக்ஸ் பெயின்டை விட்டு நகர்வதில்லை. கடைசி அரை மணி நேரம் கோடியில் படம்.

பிள்ளைகள் கையில் கொடுப்பதற்கு முன் ரெண்டு வேலை செய்துவிடுங்கள். கோடியில் மாஸ்டர் லாக் என்று ஒன்று உண்டு. எண்களால் பூட்டினால் அமைப்புகளுக்குள் யாரும் நுழைய முடியாது, பெரியவர்கள் ஃபோல்டரையும் பூட்டிவிடலாம். நெட்வொர்க் அமைப்பில், தளத்தின் பெயரை முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ் என்ற இடத்தில் 1.1.1.3 என்றும் 1.0.0.3 என்றும் போடுங்கள். கிளவுட்ஃப்ளேர் என்ற இணைய நிறுவனம் 2020-இல் குடும்பங்களுக்காக விட்டது, ஆபாசத் தளங்களையும் வைரஸ் தளங்களையும் திறக்கவே விடாது, காசு கிடையாது. எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நம்பிப் பிள்ளைகளைத் தனியாக விட்டுவிடாதீர்கள். நாங்கள் திரையை வாசலைப் பார்த்த மாதிரி வைத்திருக்கிறோம்.

திருவொற்றியூர்

என்னிடம் இருப்பது இன்னும் பழசு, எச்டிஎம்ஐ இல்லை, படம் மட்டும் போகும் பழைய நீல விஜிஏ துளை மட்டும்தான். புது டிவியில் விஜிஏ துளை கிடையாது. இதற்கு வழி உண்டா? அப்புறம், பணம் கட்டிப் பார்க்கும் ஓடிடி இதில் ஓடுமா?

தண்டையார்பேட்டை

உண்டு சார். விஜிஏவை எச்டிஎம்ஐயாக மாற்றும் கன்வெர்ட்டர் பர்மா பஜாரிலேயே கிடைக்கும். யுஎஸ்பி ஒயரும் ஆடியோ ஒயரும் சேர்ந்து வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். விஜிஏயில் சத்தம் வராது, ஆடியோ தனியாகத்தான் போக வேண்டும். யுஎஸ்பி அதற்குக் கரன்ட் கொடுக்கிறது. எதிர்த்திசையில் மாற்றும் கன்வெர்ட்டரும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கடைக்காரரிடம் லேப்டாப்பில் விஜிஏ, டிவியில் எச்டிஎம்ஐ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாட்டியபிறகு படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பட அமைப்பில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஜஸ்ட் ஸ்கேன் என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஓடிடி ஃபயர்ஃபாக்ஸிலும் குரோமிலும் ஓடும், ஆனால் லினக்ஸ் பிரவுசருக்குப் பல தளங்கள் குறைந்த தரத்தில்தான் அனுப்புகின்றன. பணம் கட்டியது முழுத்தரத்தில் வேண்டும் என்றால் அதற்கு டிவி ஸ்டிக் தனியாக வாங்குவதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாங்க, உட்கார்ந்து போட்டுவிடலாம். ராமைத் துடைக்க ரப்பர் இருக்கிறது.