ராஃபே மாதிரியில் வளைவு இறங்கமாட்டேன் என்கிறது, உதவி தேவை

அண்ணாமார், அக்காமார், மூன்று கிழமையாக ஒரே இடத்தில் நிற்கிறேன். திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கிறேன். இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்குப் பைதனில் ஒரு சின்ன மாதிரி எழுதினேன்: மூளைத்தண்டின் ராஃபே என்ற பகுதியில் செரோடோனின் (மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருள்) சுரக்கும் நரம்புக் கலங்கள், அவற்றை அடக்கும் காபா நரம்பு முனைகள், தூண்டும் குளூட்டமேட் முனைகள், அவ்வளவுதான். எலிகளில் கன்னாபினாய்டை (கஞ்சா வகைச் சேர்மம்) சிறிய அளவில் கொடுத்தால் இந்தக் கலங்களின் துடிப்பு கூடுகிறது, பெரிய அளவில் குறைகிறது. என்னுடைய மாதிரியில் மருந்தளவுக்கு எதிரான துடிப்பு வளைவு ஏறுவது மட்டும்தான் நடக்கிறது, பிறகு மொட்டைமாடி மாதிரித் தட்டையாகக் கிடக்கிறது.

கன்னாபினாய்டு ஒட்டியதும் முனையின் சுரப்பைக் குறைக்கும் சிபி1 ஏற்பியைக் காபா முனையில் மட்டும் வைத்துப் பார்த்தேன். இரண்டு முனையிலும் ஒரே உணர்திறனில் வைத்தேன், ஒன்றை ஒன்று வெட்டி வளைவு அசையவே இல்லை. சரி, செரோடோனின் கூடினால் அதே கலத்தை அடக்கும் 5எச்டி1ஏ தன்னேற்பியின் பின்னூட்டத்தைக் கூட்டினேன், உச்சி தணிந்ததே தவிர கீழே திரும்பவில்லை. நேற்றிரவு ஒரு ஓட்டம் முடிகிற நேரம் பார்த்துக் கரண்டும் போனது. சிபி1ஐ அடைக்கும் ரிமோனபான்ட் மருந்தை மனச்சோர்வுப் பிரச்சினையால் 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தினார்கள், ஆகவே சிபி1க்கும் மனநிலைக்கும் தொடர்பு இருப்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வருகிற வெள்ளி விளக்கவுரை.

இறங்கும் பகுதிக்குக் குளூட்டமேட் முனையின் சிபி1க்கு மட்டும் உயர்ந்த வரம்பு கொடுப்பதா, இல்லை சிபி1 சாராத வேறொரு வழியைச் சேர்ப்பதா?