அறுவைச் சிகிச்சைக்கு முன்பு பானம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு: அம்மாவைச் சேர்க்கலாமா?

கேள்வி (கோபிக்காரர்):
அனைவருக்கும் வணக்கம். கோபிச்செட்டிபாளையத்துக்கு அருகில் கிராமத்தில் இருக்கும் என் தாயாருக்குப் பித்தப்பைக் கற்களுக்காக அடுத்த மாதம் கோவையில் லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவைச் சிகிச்சை நடக்கவிருக்கிறது. அங்கே மயக்கவியல் துறையில் மேற்படிப்புப் படிக்கும் மருத்துவர் ஒருவர், தாம் நடத்தும் ஆய்வில் அம்மா சேர விரும்புவாரா என்று கேட்டார். அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்பு ஒரு பிரிவினருக்கு மாவுச்சத்து கரைத்த தெளிந்த பானமும் மறு பிரிவினருக்குத் தண்ணீரும் கொடுத்து, தாகம், பதற்றம், குமட்டல், வலி ஆகியவற்றை முன்னும் பின்னும் கேட்டுக் குறித்துக்கொள்வார்களாம். யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்யும் என்றார்.

முந்தின நாள் இரவுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். "நம்மை வைத்துச் சோதனை செய்து பார்க்கிறார்கள்" என்று மாமா கோபப்படுகிறார். அம்மாவோ, "நீ சொன்னால் சரி, கண்ணு" என்கிறார். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

மறுமொழி 1 (பவானிக்கரை, ஓய்வு பெற்ற அறுவை அரங்கச் செவிலியர்):
தம்பி, பட்டினி போடுவதற்குக் காரணம் உண்டு. மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. ஆனால் இட்லியும் தண்ணீரும் வயிற்றை விட்டு ஒரே வேகத்தில் இறங்குவதில்லை. இதை வைத்தே அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 1999இலேயே, திட்டமிட்ட அறுவைக்கு வரும் ஆரோக்கியமானவர்கள் தெளிந்த நீர்மங்களை 2 மணி நேரம் முன்பு வரை அருந்தலாம் என்றும், இலகுவான உணவுக்கு 6 மணி நேர இடைவெளி வேண்டும் என்றும் வழிகாட்டியது. நம் பக்கத்தில் இன்னும் பல வார்டுகளில் இரவு பத்து மணியோடு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறார்கள் என்றால், அதற்கு மருத்துவத்தைவிட வசதியே பெரிய காரணம் என்பது என் கருத்து. மறுநாள் பட்டியலில் யார் எப்போது அரங்கத்துக்குள் போவார் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாததால், எல்லோரையும் ஒன்றாகப் பட்டினி போட்டுவிடுவது எளிதாக இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கு அழைக்கப்படும் நோயாளி அதற்குள் நாக்கு வறண்டு, தலைவலியோடு வந்து சேர்வார்.

மாவுச்சத்துப் பானமும் புதிது அன்று. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இது தொடர்பான 27 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. பானம் குடித்தவர்கள் மருத்துவமனையில் தங்கிய காலம் சிறிதளவே குறைந்திருந்தது. சிக்கல்களில் வேறுபாடு தெரியவில்லை. வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய் அழற்சி ஏற்பட்டதாக எந்தப் பிரிவிலும் பதிவாகவில்லை. ஆகவே பானத்தைப் பெரிய வரமாக எண்ண வேண்டாம். தண்ணீர்ப் பிரிவு கிடைத்தாலும் இழப்பில்லை. ஒன்று மட்டும்: இளநீர் நல்லதுதானே என்று வீட்டிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள். மயக்க மருந்து மருத்துவர் எழுதிக் கொடுப்பதை மட்டும், எழுதிய நேரத்தில் கொடுங்கள்.

மறுமொழி 2 (ஈரோடு வழக்கறிஞர், மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழு ஒன்றின் உறுப்பினர்):
மாமாவின் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சோதனை என்றாலே புதிய மருந்து என்று பொருளில்லை. இத்தகைய ஆய்வுகளில் சோதனைக்கு உள்ளாவது பெரும்பாலும் பழைய வழக்கம்தான். அறுவைக்கு முன் பதற்றம் தணிய மாத்திரை கொடுப்பது நெடுநாள் வழக்கம். பிரான்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் லோரசெபாம் மாத்திரையை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு, அது நோயாளியின் மனநிறைவைக் கூட்டவில்லை என்றும், செயற்கைச் சுவாசக் குழாயை எடுக்கும் நேரத்தைத் தாமதப்படுத்தியது என்றும் காட்டியது. யாரும் கேட்டுப் பார்த்திராவிட்டால் அந்த மாத்திரையை நாம் நன்மை என்றே விழுங்கிக்கொண்டிருப்போம்.

நீங்கள் பார்க்க வேண்டியது, ஆய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்பது. 2018 ஏப்ரல் முதல், ஆய்வுக்கு ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்பே அங்கே பதிவு செய்தாக வேண்டும். பதிவு எண் கேட்டால் அவர்கள் தர வேண்டும், இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம். தகவல் தாள் தமிழில் இருக்க வேண்டும். அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பும், ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அம்மாவுக்கு வாசிக்க வராதெனில், ஆய்வுக் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாக உடன் இருந்து முழுவதையும் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நீ சொன்னால் சரி" என்பது ஒப்புதல் ஆகாது. நீங்கள் விளக்கலாம், முடிவு அவருடையது. வேண்டாம் என்றாலும், சேர்ந்த பிறகு இடையில் விலகினாலும், சிகிச்சையில் குறை வைக்கக் கூடாது.

மறுமொழி 3 (நொய்யல், ஆய்வு ஒருங்கிணைப்பாளர், கோவை):
சேர்வதென்று முடிவானால் ஒரு வேண்டுகோள். சௌகரியத்தை அளக்க இரத்தப் பரிசோதனை கிடையாது; நோயாளி சொல்வதே அளவு. 2013இல் வெளிவந்து இன்று பரவலாகப் பயன்படும் கியூ.ஓ.ஆர்-15 என்ற, அறுவைக்குப் பின் நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்கும் வினாத்தாளில் பதினைந்து கேள்விகளுக்கு, சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். நம் ஊர்ப் பெரியவர்களிடம் இதைக் கேட்டால், வலியில் முகம் சுருங்கியிருக்கும்போதே "பரவாயில்லீங்க, நல்லாத்தான் இருக்குதுங்க" என்பார்கள். டாக்டரிடம் குறை சொல்வது மரியாதையல்ல என்ற எண்ணம்தான். அந்த மரியாதையால் ஆய்வும் கெடுகிறது, வலிக்கு மருந்தும் தாமதமாகிறது. குமட்டல் இருந்தால் இருக்கிறது என்று சொல்லும்படி அம்மாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். கூட இருப்பவர்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லவும் வேண்டாம்.

கோபிக்காரர்:
மூவருக்கும் நன்றி. அம்மாவுக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறார். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டுமோ?

பவானிக்கரை:
தம்பி, அதை எங்களுக்கு முன் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோயில் சிலருக்கு வயிறு காலியாகும் வேகம் குறைந்திருக்கும், மாவுச்சத்துப் பானம் சர்க்கரையையும் ஏற்றும். அதனால் இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்ப்பதில்லை. அம்மாவைச் சேர்க்க இயலாது என்று அவர்கள் சொல்லக்கூடும். அப்படியானாலும் தண்ணீரை எத்தனை மணி வரை குடிக்கலாம், அன்று காலைச் சர்க்கரை மாத்திரையை நிறுத்த வேண்டுமா என்ற இரண்டையும் மயக்க மருந்து மருத்துவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.