மழைக்காட்டு விடுதியில் ஏசியும் வைஃபையும் கேட்பது நியாயமா?

ஈரச்சட்டை:
மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள டானும் பள்ளத்தாக்கில் நான்கு இரவு தங்கிவிட்டுப் போன வாரம்தான் திரும்பினேன். போர்னியோ மழைக்காடு. லஹாட் டத்து ஊரிலிருந்து மண்பாதையில் இரண்டரை மணி நேரம் போகவேண்டும். தங்கிய இடம் பலகை வீடு, ஒரு கொசுவலை, ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். இரவு 11 மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்திவிடுவார்கள். முதல் நாள் துவைத்துப் போட்ட சட்டை கிளம்பும் நாள் வரை காயவே இல்லை, ஈரத்தோடு பையில் திணித்து எடுத்து வந்தேன்.

வந்ததும் இந்த மாதிரிக் காட்டு விடுதிகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்தேன். ஏசி இல்லை, வைஃபை இல்லை, வெந்நீர் வரவில்லை, சுவரில் பல்லி என்று ஒரே குறை. படிக்கப் படிக்க வருத்தமாக இருந்தது. எல்லாரும் இப்படியே கேட்டால் விடுதிக்காரர்களும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், அப்புறம் அந்த இரவு யாருக்கும் கிடைக்காது. ஜெனரேட்டர் நின்றதும் முதலில் காது அடைத்த மாதிரி இருக்கும். பிறகு தவளை, சில்வண்டு, தூரத்தில் ஆறு என்று ஒவ்வொன்றாகப் பிரிந்து கேட்க ஆரம்பிக்கும். மூன்றாம் நாள் படியில் உட்கார்ந்திருந்தபோது கீழே கிடந்த மக்கிய கட்டையில் இளம்பச்சையாக ஏதோ தெரிந்தது. கைபேசி வெளிச்சத்தை அடித்தால் வெறும் கட்டை. அணைத்துவிட்டுக் கண் பழகும் வரை காத்திருந்தால் மறுபடியும் பச்சை. ஒளிரும் பூஞ்சை! வாசலில் ஒரு குழல்விளக்கு எரிந்திருந்தால் அதன் மேல் மிதித்துக்கொண்டு போயிருப்பேன்.

நிழல்மரம்:
நீங்கள் ஏசி வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அந்த அறையே எதற்கு என்று நான் கேட்கிறேன். டானும் 438 சதுர கிலோமீட்டர். காப்பிடமாக ஆவதற்கு முன்பே அங்கே ஊர் கிடையாது, வேட்டையும் பெரிதாகக் கிடையாது. 2019இல் ஒரு மஞ்சள் மெரந்தி மரத்தில் ஆள் ஏறி நாடா பிடித்து அளந்தார்கள், 100.8 மீட்டர். அப்படிப்பட்ட காட்டுக்குள் டீசல் ஏற்றி, கழிவுத்தொட்டி தோண்டி, தினமும் வண்டி விட்டு, கடைசியில் "நாங்கள் எளிமையாகத்தான் தங்கினோம்" என்று சொன்னால் எப்படி? பாதை ஒன்று போட்டுவிட்டால் அதில் விருந்தாளி மட்டும் வரமாட்டான், கண்ணி வைப்பவனும் வருவான்.

நானும் ஒரு காலத்தில் போனவன்தான், அதனால்தான் சொல்கிறேன். வேறொரு காட்டில் இரவு நடைக்குக் கூட்டிப்போனார்கள். டார்சியர் என்ற குட்டி இரவு விலங்கு ஒன்று தண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும் உயிர், ஒவ்வொரு கண்ணும் அதன் மூளை அளவு இருக்கும். எட்டுப் பேர், எட்டு டார்ச். வழிகாட்டி தடுக்கவில்லை. அது தலையைத் திருப்பியது, கண்ணை மூடியது, ஆனால் நகரவில்லை. படம் சரியாக விழவில்லை என்று ஒருவர் ஃபிளாஷ் போட்டார். நானும் அந்த எட்டுப் பேரில் ஒருவன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

ஈரச்சட்டை:
நிழல்மரம், டார்ச் விஷயத்தில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. எங்கள் வழிகாட்டி சிவப்புத் தாள் ஒட்டிய விளக்குதான் வைத்திருந்தார், அதையும் கண்ணுக்கு நேராக அடிக்க விடவில்லை. ஆனால் ஆள் யாருமே போகாவிட்டால் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காடே முன்பு மரம் வெட்டும் குத்தகை நிலத்துக்குள் இருந்ததுதான், வெட்டாமல் ஒதுக்கி வைத்ததால் மிஞ்சியது. அந்தப் பக்கம் போனால் வழியெல்லாம் எண்ணெய்ப்பனைதான். மரத்தை வெட்டினால் வரும் காசு எல்லாருக்கும் தெரியும். வெட்டாமல் வைத்திருப்பதாலும் நாலு குடும்பம் பிழைக்கிறது என்று காட்ட வேண்டாமா?

நிழல்மரம்:
சுமத்ரா காண்டாமிருகத்தைக் கேளுங்கள். டானும் காட்டில்தான் 2014இல் இமான் என்ற பெண் காண்டாமிருகத்தைப் பிடித்துக் காப்பகத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வருடமே மலேசியக் காடுகளில் அந்த இனம் இல்லை என்று ஆகிவிட்டது. 2019 நவம்பரில் இமானும் செத்தது, அதுதான் அந்த நாட்டின் கடைசி. விடுதியும் இருந்தது, விருந்தாளியும் வந்துகொண்டிருந்தார்கள். காப்பாற்ற முடிந்ததா?

ஈரச்சட்டை:
இல்லை, முடியவில்லை. ஆனால் அது அழிந்தது வேட்டையால். மிஞ்சியவையும் ஒன்றையொன்று சந்தித்து இனம் பெருக்க முடியாத அளவுக்குச் சிதறிக் கிடந்ததால். விடுதி வைத்ததால் இல்லை.

தாழைமடல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கணும். ஏசி கேட்பவர்கள் எல்லாரும் சொகுசுக்காகக் கேட்கவில்லைங்க. 68 வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு விடுதிக்குப் போனேன், மூச்சுத்திணறல் உள்ளவர். இரவு மின்விசிறி நிற்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. 11 மணியிலிருந்து விடியும் வரை நானும் அம்மாவும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம், ஒரு அட்டைத் துண்டால் விசிறிக்கொண்டே இருந்தேன். விடிகாலையில் கிப்பன் குரங்கு கூவியபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார், அவ்வளவு அழகு. அதற்காக அந்த இரவு சரியென்று ஆகிவிடாது. வயதானவர்கள் காட்டைப் பார்க்கவே கூடாதா?

ஈரச்சட்டை:
கட்டாயம் பார்க்கணும்ங்க. நீங்கள் சொன்ன பிறகு என் முதல் பதிவில் ஒரு திருத்தம் செய்கிறேன்: விசிறி வேறு, ஏசி வேறு. பகலில் சூரியத் தகட்டில் மின்கலத்தை ஏற்றிக்கொண்டால் விசிறி சத்தமில்லாமல் இரவு முழுக்க ஓடும், அதற்கு ஜெனரேட்டரே வேண்டாம். ஏசி என்றால் பலகைச் சந்தெல்லாம் அடைக்கணும். அந்த ஈரக்காற்றில் அடைத்த அறையைக் குளிர வைத்தால் சுவரெல்லாம் வியர்க்கும், பூசணம் பிடிக்கும், அப்புறம் அதற்கு ஒரு மருந்து அடிப்பார்கள். எதெல்லாம் இருக்காது என்பதைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுவது விடுதிக்காரர்களின் கடமை. அட்டைக்கடி உட்பட. தரையில் ஊரும் பழுப்பு அட்டை கடித்தால் தெரியவே தெரியாது, இலைமேல் காத்திருக்கும் புலி அட்டை சுருக்கென்று கடிக்கும். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறை போட்டும் எனக்கு இடுப்பில் கடி. இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்பவர்கள் வராமலே இருக்கட்டும், இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

நிழல்மரம்:
தாழைமடல், உங்கள் அம்மாவுக்காகத்தான் நான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். அதே சபாவில் கினாபாத்தாங்கான் ஆற்றங்கரையில் பத்து புத்தே கிராமத்தார் கூட்டுறவாகச் சேர்ந்து தங்கள் வீடுகளிலேயே விருந்தாளிகளைத் தங்க வைக்கிறார்கள். அழிந்த இடத்தில் மரம் நடுகிறார்கள், வருகிறவர்களும் கூடச் சேர்ந்து நடலாம். காசு ஊருக்குள் நிற்கிறது. இரவு காட்டுக்கு, பகல் நமக்கு. ஆராய்ச்சிக்கென்று 1986இல் டானும் காட்டில் கள நிலையம் வைத்தார்களே, அதை நான் குறை சொல்லவில்லை. அங்கே இருந்துதான் ஆகவேண்டும் என்பவர்கள் இருக்கட்டும். நமக்கு அப்படி என்ன கட்டாயம்?

ஈரச்சட்டை:
பத்து புத்தே நல்ல உதாரணம், மறுக்கமாட்டேன், அடுத்த தடவை அங்கேதான். ஆனால் அந்தப் பூஞ்சையை நான் பகலில் போயிருந்தால் பார்த்திருக்க முடியாது. அதைப் பார்த்ததால்தான் இங்கே உட்கார்ந்து உங்களோடு இவ்வளவு நேரம் வாதாடுகிறேன். ஒரு காட்டுக்கு ஒரு சின்ன விடுதி, இத்தனை பேர்தான் என்று வரம்பு, அதற்கு மேல் ஒரு கட்டில்கூட இல்லை என்றால் ஒப்புக்கொள்வீர்களா?

நிழல்மரம்:
அந்த வரம்பை யார் காவல் காப்பது? சரி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் தங்கிய இடத்தில் குளியலறைத் தண்ணீர் எங்கே போகிறது?

ஈரச்சட்டை:
நான்கு நாளும் குளித்தேன், ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. இன்றைக்கே அவர்களுக்கு எழுதிக் கேட்கிறேன். என்ன பதில் வந்தாலும் மறைக்காமல் இங்கேயே போடுகிறேன்.